புது டிஸ்க் சேர்த்த பிறகு, மாற்றிய விஎம் ஸ்டார்ட் ஆகவில்லை (அவசரம்)

இரவுப்பணி
வணக்கம். ப்ராக்ஸ்மாக்ஸ் (விர்ச்சுவல் மெஷின்களை, அதாவது விஎம்களை, ஓட்டும் மென்பொருள்) கிளஸ்டரில் ஒரு நோடில் (கிளஸ்டரில் சேர்ந்த ஒரு சர்வர்) புது டிஸ்க் போட்டு, டைரக்டரி ஸ்டோரேஜாகச் சேர்த்தேன். எல்லா நோடிலும் தானாகவே வந்துவிட்டது. சரி என்று ஒரு விஎம்மை வேறு நோடுக்கு மைக்ரேட் செய்தேன், சில நொடியில் முடிந்தது. இப்போது ஸ்டார்ட் கொடுத்தால் வால்யூம் இல்லை என்று எரர். டேலி அதில்தான் ஓடுகிறது, காலையில் அக்கவுண்ட்ஸ் ஆட்கள் வந்துவிடுவார்கள். டேட்டா போச்சா?

கேபிள்_குமரன்
எத்தனை நோடு? எந்த வெர்ஷன்? டிஸ்க் எந்தப் பெட்டியில் இருக்கிறது? முதலில் குவோரம் (பெரும்பான்மை நோடுகள் தொடர்பில் உள்ளனவா என்று) பாருங்கள். எங்கள் இடத்தில் இதே மாதிரி வந்தது, கடைசியில் பார்த்தால் சுவிட்ச் போர்ட்.

தாமிரபரணி
குமரன், குவோரம் போயிருந்தால் /இடிசி/பிவிஇ (கிளஸ்டரின் கன்ஃபிக் ஃபைல்கள் உள்ள டைரக்டரி) ரீட்-ஒன்லி ஆகியிருக்கும். மைக்ரேஷனே நடந்திருக்காது.
தம்பி, ஸ்டோரேஜ்.சிஎஃப்ஜி ஃபைலில் அந்த ஸ்டோரேஜுக்கு என்ன இருக்கிறதோ அதை அப்படியே ஒட்டுங்கள். விஎம்மை நிறுத்திவிட்டு மாற்றினீர்களா, ஓடும்போதேவா?

வேர்க்கணக்கு
இதற்கெல்லாம் மேனுவல் என்று ஒன்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஸ்டோரேஜ் அத்தியாயம். படித்துவிட்டுப் புரொடக்‌ஷனில் கை வைப்பது நல்லது.

இரவுப்பணி
3 நோடு. டிஸ்க் முதல் நோடில். ஆஃப் செய்துதான் மூன்றாவது நோடுக்கு மாற்றினேன்.
டைர்: டேட்டா2
பாத் /எம்என்டி/டேட்டா2
கன்டென்ட் இமேஜஸ்,பேக்கப்
ஷேர்டு 1
மூன்றாவது நோடில் இதன் அளவு 94 ஜிபி என்று காட்டுகிறது. டிஸ்க் 4 டிபி ஆயிற்றே?

தாமிரபரணி
டேட்டா எங்கும் போகவில்லை, பதற்றப்படாதீர்கள். ஸ்டோரேஜ்.சிஎஃப்ஜி கிளஸ்டர் முழுவதற்கும் ஒரே ஃபைல். அதனால்தான் ஒரு நோடில் சேர்த்தது மூன்றிலும் தெரிகிறது. டிஸ்க் என்னவோ முதல் பெட்டியில் மட்டும்தான். மற்ற இரண்டிலும் ப்ராக்ஸ்மாக்ஸே அந்தப் பாதையில் காலி டைரக்டரியை உருவாக்கிக்கொண்டது. அது உட்கார்ந்திருப்பது ரூட்டில் (சிஸ்டம் இருக்கும் டிஸ்க் பகுதி), நீங்கள் பார்க்கும் 94 ஜிபி ரூட்டின் அளவு.

ஷேர்டு டிக் போட்டால் எதுவும் பகிரப்படாது. என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியே பகிரும் ஸ்டோரேஜ்) மாதிரி ஏற்கெனவே எல்லா நோடுக்கும் பொதுவாக உள்ள இடம் இது என்று நீங்கள் அதனிடம் சொல்கிறீர்கள், அவ்வளவுதான். அதை நம்பி கன்ஃபிக் ஃபைலை மட்டும் நகர்த்திவிட்டது, டிஸ்க் இமேஜைத் தொடவே இல்லை. சில நொடியில் முடிந்ததற்குக் காரணம் இதுதான். ஓடும்போது மாற்றியிருந்தால் எதிர்ப்பக்கம் ஸ்டார்ட் ஆகாமல் மைக்ரேஷன் தோற்றிருக்கும், விஎம் பழைய இடத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

முதல் நோடில் /எம்என்டி/டேட்டா2/இமேஜஸ் உள்ளே அந்த விஎம் எண்ணில் கியூகவ்2 ஃபைல் (விஎம்மின் டிஸ்க் இமேஜ்) இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பாதி வேலை முடிந்தது.

சும்மாபார்வை
அப்படியானால் உடனே ஷேர்டு டிக்கை எடுத்துவிட்டுத் திரும்ப மைக்ரேட் கொடுங்கள்.

தாமிரபரணி
வேண்டாம். டிக்கை எடுத்தால் மூன்றாவது நோடில் இமேஜைத் தேடும், அங்கே அது இல்லை, மைக்ரேஷன் நின்றுவிடும். விஎம் நின்றிருக்கிறது என்று உறுதிசெய்துகொண்டு, /இடிசி/பிவிஇ/நோட்ஸ் கீழே மூன்றாவது நோடின் கியூஎம்யூ-சர்வர் டைரக்டரியிலிருந்து முதல் நோடின் அதே டைரக்டரிக்குக் கன்ஃபிக்கை எம்வி (நகர்த்தும் கட்டளை) செய்யுங்கள். காப்பி செய்ய விடாது, ஒரு விஎம் எண் கிளஸ்டரில் ஒரே இடத்தில்தான் இருக்கலாம். ஹெச்ஏவில் (நோடு விழுந்தால் விஎம்மை வேறு நோடில் தானாக எழுப்பும் வசதி) சேர்த்திருந்தால் முதலில் அதிலிருந்து எடுங்கள்.

அப்புறம் ஷேர்டு 0, நோட்ஸில் முதல் நோடு மட்டும், இஸ்_மவுண்ட்பாயின்ட் யெஸ் (அந்தப் பாதையில் டிஸ்க் மவுண்ட் ஆகியிருந்தால் மட்டும் பயன்படுத்தச் சொல்வது). கடைசி ஆப்ஷன் வெப் ஸ்கிரீனில் கிடையாது, பிவிஇஎஸ்எம் செட் கட்டளை வழியாகத்தான் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் டிஸ்க் மவுண்ட் ஆகாத ஒரு நாள் பேக்கப் முழுக்க ரூட்டில் விழுந்து நிறைத்துவிடும்.

கேபிள்_குமரன்
எஃப்எஸ்டேப்பில் (பூட் ஆகும்போது எந்த டிஸ்கை எங்கே மவுண்ட் செய்வது என்ற பட்டியல்) /டெவ்/எஸ்டிபி என்று எழுதியிருந்தால் யூயூஐடிக்கு (டிஸ்கின் மாறாத அடையாள எண்) மாற்றுங்கள். டிஸ்க் இல்லாவிட்டாலும் பூட் நிற்காமல் இருக்க நோஃபெயிலும் சேருங்கள். ஆனாலும் சுவிட்சை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

வேர்க்கணக்கு
மூன்று நோடு வைத்துக்கொண்டு லோக்கல் இஎக்ஸ்டி4? செஃப் (எல்லா நோடின் டிஸ்குகளையும் ஒரே பொது ஸ்டோரேஜாக்குவது) போட வேண்டியதுதானே.

மூலைரேக்
1 ஜிபி நெட்வொர்க்கில் செஃபா? குறைந்தது 10 என்று நீங்கள் கும்பிடும் அதே மேனுவல்தான் சொல்கிறது. இந்த மாதிரி சின்ன இடத்துக்கு இசட்எஃப்எஸ் ரெப்ளிகேஷன் (விஎம் டிஸ்கை அவ்வப்போது வேறு நோடுக்கு நகலெடுப்பது) போதும். இயல்பாக 15 நிமிடத்துக்கு ஒரு முறை ஓடும்.

வேர்க்கணக்கு
15 நிமிடக் கணக்குப் பதிவு போனால் நீங்களா வந்து உட்கார்ந்து டைப் செய்வீர்கள்? இசட்எஃப்எஸ் ராமைத் தின்பது வேறு.

மூலைரேக்
இடைவெளியை 1 நிமிடம் வரை குறைக்கலாம். ராம் கதையும் பழையது. 8.1 முதல் புதிதாக இன்ஸ்டால் செய்தால் ஏஆர்சிக்கு (இசட்எஃப்எஸ்ஸின் ராம் கேஷ்) ராமில் 10 சதவீதம்தான், அதிகபட்சம் 16 ஜிபி. மேனுவலில் இருக்கிறது.

வேர்க்கணக்கு
பழைய இன்ஸ்டாலை அப்கிரேட் செய்தவர்களுக்கு அந்த வரம்பு வராது. அதையும் படித்திருப்பீர்கள்.

இரவுப்பணி
ஃபைல் இருந்தது. எம்வி செய்தேன், ஸ்டார்ட் ஆகிவிட்டது. நன்றி அண்ணா.

சும்மாபார்வை
நோட்ஸ், மவுண்ட்பாயின்ட் இரண்டையும் மாற்றினீர்களா?

சும்மாபார்வை
ஹலோ?