கூல் பார்க் கிரகரியை எப்படி நினைவு வைப்பது?

தேயிலைக்காடு:
நுவரெலியா கிரகரி வாவியும் கொழும்பு மியூசியத்துக்கு முன்னால் நிற்கும் சிலையும் ஒரே ஆளின் பெயரில்தான். 1872 முதல் 1877 வரை இலங்கை ஆளுநராக இருந்த வில்லியம் கிரகரி. குளங்களைத் திருத்தினார், மியூசியம் கட்டினார் என்று படித்து வளர்ந்தோம். அயர்லாந்தில் அவர் பெயர் நிலைத்தது வேறொன்றுக்காக. 1847-இல், உருளைக்கிழங்கு அழுகிச் சனம் செத்துக்கொண்டிருந்தபோது, ஏழைகளுக்கு நிவாரணம் தரும் 'ஏழைகள் சட்டத்தில்' அவர் ஒரு விதியைச் சேர்க்க வைத்தார்: கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவருக்கு அரசு நிவாரணம் கிடையாது. பசிக்குதா, நிலத்தை விட்டுவிட்டு வா. கால்வேயில் கூல் பார்க் எஸ்டேட்டின் வாரிசு கொண்டுவந்த விதி இது. பஞ்சத்தைச் சாக்கிட்டுக் குடியானவர்களைக் காலி செய்த வேலை என்றுதான் நான் சொல்வேன்.

ஊர்க்கணக்கு:
மொத்தப் பழியையும் ஒருத்தர் தலையில் கட்டாதீங்க சார். விதியை அவர் முன்மொழிந்தார், ஆனால் வாக்களித்தது லண்டன் நாடாளுமன்றம். எதிர்த்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்களே. அதே ஆண்டு அவருடைய அப்பா ராபர்ட் கிரகரி, நிவாரண வேலையில் அலைந்து காய்ச்சல் வந்து செத்தார். கூல் குடியானவர்கள் மத்தியில் அந்தக் குடும்பத்துக்கு நல்ல பேர்தான். நிலப்பிரபுக்களின் கணக்கையும் பாருங்க: பரம்பரை அடமானம், விதவைகளுக்கும் தம்பி தங்கைகளுக்கும் ஆண்டுதோறும் எழுதி வைத்த தொகை, இதெல்லாம் வாடகை வந்தாலும் வராவிட்டாலும் கட்டியாகணும். லண்டன் அரசோ, அயர்லாந்து ஏழைகளை அயர்லாந்துச் சொத்தே காப்பாற்றட்டும் என்று கைகழுவியது.

செவ்வந்தி:
ஊர்க்கணக்கு சொல்வதற்கு ஒரு சான்று கால்வேயின் மேற்குப் பகுதியான கொன்னமாராவில் இருக்கிறது. பாலினாஹின்ச் மார்ட்டின் குடும்பத்துக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம் ஏக்கருக்கும் மேல் நிலம். கிளிஃப்டன் ஏழைகள் விடுதியில் கிடந்த தன் குடிகளைப் பார்க்கப் போன தாமஸ் மார்ட்டின், காய்ச்சல் தொற்றி 1847-இல் இறந்தார். மகள் மேரிக்கு மிஞ்சியது கடன் மட்டுமே. எஸ்டேட் அடமானம் பிடித்த லண்டன் காப்பீட்டு நிறுவனத்தின் கைக்குப் போனது. மேரி 1850-இல் நியூயார்க்கில் இறந்தார்.

தேயிலைக்காடு:
மேரி மார்ட்டினுக்காக எனக்கும் வருத்தம்தான் அக்கா. ஆனால் கடன் எப்படி வந்தது? கிரகரி குதிரைப் பந்தயத்தில் கடன்பட்டுக் கூல் நிலத்தில் பெரும்பகுதியை விற்றவர். குடியானவன் எந்தப் பந்தயத்தில் பணத்தை விட்டான்? இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஆண்டு மதிப்பு 4 பவுனுக்கு மிகாத நிலங்களுக்கு ஏழைகள் வரியை, அதாவது ஏழைகள் நிவாரணத்துக்கான வரியை, நிலப்பிரபுவே கட்டணும் என்று 1843-இல் சட்டம் வந்தது. ஆகவே குடிசையை இடித்தால் வரி மிச்சம். கால் ஏக்கர் விதியையும் இதையும் சேர்த்து வைத்துப் பாருங்கள்: பசியில் அவனே நிலத்தை ஒப்படைக்க வருவான், வாங்கியதும் கூரையைப் பிரித்துவிடலாம். இடிக்க வந்த கூலியாட்கள் முகட்டு உத்தரத்தை அறுத்து, கயிறு கட்டி இழுப்பார்கள். கூரை மொத்தமாக உள்ளே சரியும். இடம் கொடுத்தால் உனக்கும் இதே கதி என்று அக்கம்பக்கத்தாருக்கு மிரட்டல். இடிந்த சுவரோரம் கம்பும் புல்லும் சாய்த்துக் குழந்தைகளோடு ஒண்டிய குடும்பங்களை அங்கிருந்தும் விரட்டினார்கள்.

1849 முதல் 1854 வரை மட்டும் ஏறத்தாழ 50,000 குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன.

ஊர்க்கணக்கு:
எண்ணிக்கையை நான் மறுக்கலை. கிரகரி அதே மசோதாவில் குடிபெயர விரும்புபவர்களுக்கு நிலப்பிரபு பணம் தரவும் வழி கேட்டார், அதைச் சொல்லாமல் விடுறீங்க. விதியை இரக்கமில்லாமல் செயல்படுத்தியது ஏழைகள் சட்ட அதிகாரிகள். நிலத்தை விடாதவனின் மனைவி மக்களுக்காவது உதவலாம் என்று 1848-இல்தான் அவர்களுக்குத் தோன்றியது.

செவ்வந்தி:
அந்த ஒரு வருஷம் போதுமே, எத்தனை பேர் போயிருப்பார்கள். குடிபெயரப் பணம் கொடுத்ததன் இலட்சணமும் தெரியும். ராஸ்காமனில் ஸ்ட்ரோக்ஸ்டவுன் எஸ்டேட்டின் டெனிஸ் மாஹன் 1847-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடிகளைக் கனடாவின் கியூபெக்குக்குக் கப்பல் ஏற்றினார். பராமரிப்பதைவிட அனுப்புவது மலிவு என்பதே கணக்கு. பாதி வழியிலேயே காய்ச்சலில் நிறையப் பேர் இறந்தார்கள். நவம்பரில் மாஹனைச் சுட்டுக் கொன்றார்கள். கொலையை நான் நியாயப்படுத்தவில்லை, அந்த மாவட்டத்தின் கொதிப்பைச் சொல்கிறேன்.

இன்னொன்று. கூல் எஸ்டேட்டை 1768-இல் வாங்கியவர் கிரகரியின் கொள்ளுத்தாத்தா. கிழக்கிந்தியக் கம்பெனியில், இந்தியாவில் சம்பாதித்த பணம் அது. பின்னாளில் கம்பெனியின் தலைவராகவும் ஆனார்.

ஊர்க்கணக்கு:
கொள்ளுத்தாத்தா சம்பாத்தியத்துக்கு இவர் எப்படிப் பொறுப்பாவார்? 1849-இல் கடனில் மூழ்கிய எஸ்டேட்டுகளை ஏலம் விட நீதிமன்றமே அமைத்தார்கள். வாங்கியவர்களில் பெரும்பாலோர் அயர்லாந்துக்காரர்களே. வாடகையை ஏற்றியவர்கள் அவர்களிலும் பலர். குடும்பங்களை மாற்றினால் போதாது, நிலச் சட்டம் மாறணும் என்பதற்கு அதுவே சாட்சி.

தேயிலைக்காடு:
சட்டம் மாறணும் என்பதில் சண்டையே இல்லை. ஆனால் அந்தச் சட்டத்தை எழுதிய கைக்கும் பெயர் உண்டு அண்ணா. மியூசியத்தில் சிலைக்குப் பக்கத்தில் கால் ஏக்கர் விதியையும் எழுதி வைக்கணும் என்பதே என் கோரிக்கை.

ஊர்க்கணக்கு:
எழுதட்டும். அப்பா செத்ததையும், வாக்களித்தவர்களையும் சேர்த்து எழுதட்டும்.