கொழுந்துக்கு போற அம்மாமார் பால் எப்படி வச்சிட்டு போறீங்க?

அக்காமாரே, நாங்க பொகவந்தலாவ பக்கம் தேயிலைத் தோட்டம். 84 நாள் பிரசவ லீவு முடியப்போகுது, மறுபடி மலைக்கு போகணும், மிட்வைஃப் மிஸ் ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான் தண்ணி கூட வேணாம்னுட்டாங்க, மாமி என்னடான்னா பால்மா டின்ன இப்பவே வாங்கி அலுமாரில வச்சிட்டாங்க (பாசம்தான், குறை சொல்ல ஏலாது).

பீச்சின பால் 25 டிகிரிக்குள்ள நாலு மணித்தியாலம் வெளிய இருக்கலாமாம், நம்ம குளிருக்கு அது ஓகே. ஆனா காலைல பெரட்டுக்கு (வேலைக்கு பேர் குடுக்கிற இடம்) ஓடுற அவசரத்துல எப்ப பீச்சுறது? ஸ்பூன்ல குடுத்தா புள்ள கடவாயால வழியவிட்டுட்டு கத்துது. பிள்ளை மடுவத்துல (தோட்டத்து பிள்ளை காப்பகம்) ஆயாம்மா கப்புல குடுப்பாங்களா? ஒரு வயசு வரைக்கும் வேலைக்கு நடுவுல பால் குடுக்க சட்டத்துல நேரம் இருக்கே, உங்க தோட்டத்துல கங்காணி விடுறாரா? செஞ்சு பார்த்தவங்க சொல்லுங்க. லயத்து வீட்டுல பிரிட்ஜ் இல்ல.