பழைய லேண்ட் ரோவர்: சிங்கப்பூரில் இதற்கு ஏன் இவ்வளவு மவுசு?

செங்காங் செல்வா:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் புளோக்குக்குக் கீழே திறந்தவெளி கார் நிறுத்துமிடத்தில் ஒரு பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டர் 90 நிற்கிறது. பச்சை உடம்பு, வெள்ளைக் கூரை. கதவுக் கீல்கள்கூட வெளியில் துருத்திக்கொண்டு இருக்கின்றன. பக்கத்தில் பளபளவென்று நிற்கும் புது மின்சாரக் கார்களை யாரும் சீண்டுவதில்லை. இதைச் சுற்றி மட்டும் எப்போது பார்த்தாலும் யாராவது நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

உரிமையாளர் விற்கப் போகிறாராம். விலை கேட்டேன். கேட்காமலே இருந்திருக்கலாம்.

வீட்டில் சொன்னதும் மனைவி சிரித்தார். "புக்கிட் தீமா குன்றே 163 மீட்டர்தான், அதிலும் நடந்துதான் ஏறணும். நீங்க இதை எங்கே கொண்டுபோய் ஏத்தப் போறீங்க?" நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை.

அப்படி என்னதான் இருக்கிறது இந்த வண்டியில்? இதன் கதை என்ன? நான் தேசிய சேவையில் சேர்ந்தபோது முகாமில் வேறு வண்டிகள் வந்துவிட்டன, அதனால் இதை ஓட்டிய அனுபவமும் கிடையாது. வைத்திருந்தவர்கள், ஓட்டியவர்கள் சொல்லுங்கள்.

பொங்கோல் பிரபு:

முதலில் இடத்தை அளந்து பாருங்கள் ப்ரோ. என் மாமா புது டிஃபெண்டர் 110 வைத்திருக்கிறார். பின்னால் மாட்டிய சக்கரத்தோடு சேர்த்து 5 மீட்டரைத் தாண்டுகிறது. வீடமைப்புக் கழகத்தின் (வீவக) கார் நிறுத்தக் கட்டம் 4.8 மீட்டர்தான். எப்படி நிறுத்தினாலும் மூக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், எல்லோரும் முறைத்துக்கொண்டு போவார்கள். நீங்கள் சொல்லும் பழைய 90 அந்த விஷயத்தில் தேவலை, 4 மீட்டருக்குள் அடங்கிவிடும். ஆனால் உயரம் 2 மீட்டரை ஒட்டி வரும். கூரையில் ரேக் மாட்டியிருந்தால் பலமாடி நிறுத்துமிடத்துக்குள் போகுமுன் வாசல் பலகையைப் படித்துவிடுங்கள்.

மற்றபடி, பார்க்க அழகுதான். வேறு காரணம் ஒன்றும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

பழைய ஸ்பேனர்:

தம்பி செல்வா, நான் ஆயுதப் படையில் வாகனத் தொழில்நுட்பராக இருந்து, அப்புறம் சின் மிங்கில் ஒரு வொர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து, இப்போது பேரப்பிள்ளைகளின் சைக்கிளைக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பவன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பிரபு தம்பி சொன்ன புது டிஃபெண்டரை இந்தப் பேச்சில் சேர்க்க வேண்டாம். அது ஸ்லோவாக்கியாவில் செய்யப்படுவது. நல்ல வண்டி, ஆனால் வேறு சாதி. உடம்பைத் தாங்கும் தனி அடிச்சட்டம், அதாவது சேசிஸே கிடையாது. நான் சொல்வது 1948-இல் தொடங்கி, 2016 ஜனவரி 29 அன்று இங்கிலாந்தின் சோலிஹல் ஆலையில் கடைசி வண்டி இறங்கியதோடு முடிந்துபோன வம்சத்தை. மொத்தம் 20 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல் செய்தார்கள்.

ரோவர் என்பது வசதியானவர்களுக்குக் கார் செய்து கொடுத்த கம்பெனி. போர் முடிந்ததும் பிரிட்டனில் உருக்குக்கு ரேஷன். வெளிநாட்டுக்கு விற்று அந்நியச் செலாவணி கொண்டு வருபவனுக்குத்தான் உருக்கு. சொகுசுக் காரை அப்போது யார் வாங்குவார்? கம்பெனியின் தலைமைப் பொறியாளர் மோரிஸ் வில்க்ஸுக்கு வேல்ஸ் பக்கம் ஆங்கிள்சி தீவில் ஒரு பண்ணை இருந்தது. அங்கே ராணுவம் கழித்துவிட்ட அமெரிக்க வில்லிஸ் ஜீப் ஒன்றை வைத்து வேலை வாங்கிக்கொண்டிருந்தார். அதைப் போல ஒன்றை நாமே செய்தால் என்ன என்று தோன்றியது. 1947-இல் அந்தத் தீவின் கடற்கரை மணலிலேயே அண்ணன் ஸ்பென்சருக்கு வரைந்து காட்டினார். அண்ணன்தான் கம்பெனியின் நிர்வாக இயக்குநர். அதனால் ஒப்புதல் வாங்க அலைய வேண்டியிருக்கவில்லை!

முதல் மாதிரி வண்டியில் ஸ்டியரிங் நட்டநடுவில் இருந்தது, டிராக்டரில் இருப்பதுபோல. அவர்கள் மனதில் இருந்ததும் டிராக்டர்தான். கியர்பாக்ஸிலிருந்து சக்தியை வெளியே எடுத்து மரம் அறுக்கலாம், கதிர் அடிக்கலாம். 1948 ஏப்ரல் 30-ஆம் தேதி ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வெளியிட்டார்கள். கார் வியாபாரம் பழைய நிலைக்கு வரும்வரை இரண்டு மூன்று வருடம் ஓட்டலாம் என்பதுதான் கணக்கு.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். உருக்கு இல்லை, அதனால் உடம்புக்கு அலுமினியக் கலவை. விமானத் தொழிலால் அது தாராளமாகக் கிடைத்தது. தகட்டை வளைத்து அழுத்தும் அச்சுக்குச் செலவு செய்யப் பணம் இல்லை, அதனால் தட்டையான தகடு, நேர்க்கோடு. விமானப் படைக்குப் போக மிஞ்சிய பெயிண்ட் பச்சை, அதனால் வண்டியும் பச்சை. எல்லாமே இல்லாமையில் வந்தது. அழகாக இருக்க வேண்டும் என்று எவனும் யோசிக்கவில்லை. நீ இன்றைக்கு நின்று பார்க்கிற அழகு அதுதான்.

ராணுவத்தில் 80களில் எங்களிடம் இருந்தவை சீரிஸ் வண்டிகள், அதாவது டிஃபெண்டருக்கு முந்தைய தலைமுறை. பட்டை ஸ்பிரிங், பவர் ஸ்டியரிங் கிடையாது, ஏசி என்ற பேச்சே இல்லை. தரையிலிருந்து மூன்று நெம்புகள் எழுந்து நிற்கும். ஒன்று கியர். மஞ்சள் குமிழை அமுக்கினால் முன் சக்கரங்களுக்கும் இழுவை வரும். வண்டி ஓடும்போதே அமுக்கலாம். சிவப்புக் குமிழைப் பின்னால் இழுத்தால் லோ, அதாவது வேகம் குறைந்து இழுவை கூடும். அதற்கு வண்டி நின்றிருக்க வேண்டும். புதிதாக வரும் பையன்களுக்கு நான் சொல்லிக் கொடுப்பது ஒன்றே ஒன்றுதான்: லோ முதல் கியரில் போட்டு, கிளட்சை மெதுவாக விட்டுவிட்டு, இரண்டு காலையும் எடுத்துவிடு. மண்டாய்ச் செம்மண் சேற்றில், மழைக்குப் பிறகு, எஞ்சின் முனகிக்கொண்டே வண்டி தானாக நடந்து போகும். ஆக்ஸிலரேட்டரைத் தொட்டவன்தான் சிக்கிக்கொள்வான். அந்த நேரத்தில் பையன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

நீ பார்த்த 90-இல் இந்தக் குமிழ்கள் இருக்காது. 1983-க்குப் பிறகு வந்தவற்றில் சுருள் ஸ்பிரிங், நான்கு சக்கரமும் எப்போதும் இழுக்கும், டிஃப் லாக்குக்கும் (முன், பின் அச்சுகளை ஒரே வேகத்தில் சுற்ற வைக்கும் பூட்டு) லோவுக்கும் சேர்த்து ஒரே நெம்பு. ஆனால் கழற்றினால் தெரியும், எலும்பு அதே எலும்பு. எந்த நட்டையும் கண்ணால் பார்க்கலாம், கையை விட்டு எட்டலாம். இன்றைய கார்களில் பானெட்டைத் திறந்தால் ஒரு பிளாஸ்டிக் மூடிதான் தெரிகிறது.

கடைசியாக, நம் ஊருக்கும் இதற்கும் உள்ள உறவு. 1955-இல் ஆக்ஸ்ஃபர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ஆறு பேர் இரண்டு சீரிஸ் ஒன்று வண்டிகளில் லண்டனிலிருந்து கிளம்பினார்கள். ஆக்ஸ்ஃபர்டு என்று பேர் வைத்தது கருநீலம், கேம்பிரிட்ஜ் இளநீலம். துருக்கி, பாரசீகம், இந்தியா, பிறகு போர்க்காலத்து லெடோ சாலை வழியாக பர்மா. 1956 மார்ச்சில் அவர்கள் வந்து சேர்ந்த இடம் சிங்கப்பூர். அப்போதைய உலகத்துக்கு இது சாலையின் கடைசி முனை. கேம்பிரிட்ஜ் பின்னாளில் ஈரானில் பள்ளத்தில் விழுந்து அழிந்தது. ஆக்ஸ்ஃபர்டு செயின்ட் ஹெலினா தீவில் வெகுகாலம் கிடந்து, மீட்டுச் சரிசெய்யப்பட்டு, 2019 ஆகஸ்டில் இங்கிருந்தே லண்டனுக்குக் கிளம்பி டிசம்பரில் போய்ச் சேர்ந்தது. முதல் பயணத்தில் இருந்த டிம் ஸ்லெஸருக்கு அப்போது 87 வயது. கூடப் போகத்தான் வந்தார், உடம்பு முடியாமல் போனது. பேரன் அவர் இடத்தில் போனார். 64 வயது வண்டி, தம்பி. அந்த வண்டியின் கதையைக் கேட்ட யாருக்கும் விலையைப் பற்றி நிதானமாகப் பேச வராது.

தானா ராத்தா தேவி:

ஸ்பேனர் அங்கிள், படித்து முடிக்கும்போது எனக்குச் சிரிப்புதான் வந்தது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நான் பிறந்து வளர்ந்தது மலேசியாவின் கேமரன் மலையில், இப்போது இருப்பது ஈசூனில். எங்கள் ஊரில் லேண்ட் ரோவரை யாரும் நின்று பார்க்க மாட்டார்கள். அது எங்களுக்கு லாரி. அப்பா ஒரு காய்கறித் தோட்டத்துக்கு ஓட்டினார். விடியற்காலையில் முட்டைக்கோஸ் மூட்டை மூட்டையாக ஏறும், கூரைவரை. இறக்கிவிட்டு வந்ததும் பின்னால் எதிரெதிராக இருக்கும் இரண்டு பலகைகளைத் துடைத்துவிட்டு எங்களைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போவார். சீருடையில் கோஸ் வாசனை அடிக்கும். பட்டணத்துப் பிள்ளைகள் மூக்கைப் பிடிப்பார்கள். அதனால் எனக்கு இந்த வண்டியின் மேல் காதல் கீதல் எல்லாம் இல்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். தோட்டத்துச் சரிவுகளில், மழைநாளில், வேறு எந்த வண்டியும் அப்படி ஏறி நான் பார்த்ததில்லை. அப்பா ஓட்டியது வெள்ளைக்காரப் பட்டாளம் விட்டுப் போனது என்பார்கள். உள்ளே ஜப்பான் டீசல் எஞ்சின், தார்ப்பாய் எங்கள் அம்மா தைத்தது, பின்கதவுக்குத் தாழ்ப்பாள் வீட்டுக் கதவுத் தாழ்ப்பாள். எது உடைந்தாலும் பட்டறையில் தட்டி நிமிர்த்தி மாட்டிவிடுவார்கள். அங்கிள் சொன்ன தட்டைத் தகட்டின் அருமை அங்கேதான் தெரியும். செல்வா அண்ணன், வாங்குவதற்கு முன் ஒரு வாரக் கடைசியில் மலைக்குப் போய்ப் பாருங்கள். தெருவுக்குத் தெரு நிற்கும், இன்னமும் கூலிக்கு உழைத்துக்கொண்டு.

தேனி மணி:

நடுவில் புகுந்து ஒரு எதிர்க்கட்சிக் கருத்து. நான் தேனிக்காரன், இங்கே கப்பல் பட்டறையில் வேலை. எங்கள் பக்கம் சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறுவதெல்லாம் மஹிந்திரா ஜீப். அந்தப் பாதையைப் பாதை என்று சொல்வதே தப்பு. வில்க்ஸ் பார்த்துச் செய்த அதே வில்லிஸ் ஜீப்பைத்தான் மஹிந்திராவும் 40களின் கடைசியில் உரிமம் வாங்கிப் பாகங்களைப் பூட்டிச் செய்யத் தொடங்கினார்கள். ஆக இரண்டு பேரும் பங்காளிகள்.

ஆனால் காசு என்னுடையது என்றால் நான் டொயோட்டா லேண்ட் குரூசர் பக்கம்தான் நிற்பேன். 1951-இல் பிஜே என்று வந்தது, 1954-இல் இந்தப் பேர். ஆஸ்திரேலியாவின் ஸ்னோயி மலை நீர்மின் திட்டத்தில் முதலில் லேண்ட் ரோவர்கள்தான் ஓடின. 50களின் கடைசியில் ஒரு ஒப்பந்தக்காரர் லேண்ட் குரூசரை இறக்கினார், அதோடு அந்தச் சந்தை கைமாறியது. "காட்டுக்குள்ளே போகணும்னா லேண்ட் ரோவர், திரும்பி வரணும்னா லேண்ட் குரூசர்" என்று அந்த ஊரில் இன்றைக்கும் கிண்டல் செய்வார்கள்.

ஒரே ஒரு சந்தோஷம்: பிஎம்டபிள்யூ, ஃபோர்டு என்று கைமாறி, 2008-இல் ஜாகுவாரோடு சேர்த்து 230 கோடி அமெரிக்க டாலருக்கு டாடா வாங்கிவிட்டது. வெள்ளைக்காரன் வண்டி இப்போது நம்ம ஆள் கம்பெனி.

பழைய ஸ்பேனர்:

மணி, நீ சொல்வது உண்மை. நம்பகத்துக்கு டொயோட்டா. "அடியில் ஆயில் சொட்டவில்லை என்றால் உள்ளே ஆயில் இல்லை" என்று லேண்ட் ரோவர்க்காரர்களே சொல்லிச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு அதையே வாங்குவார்கள். தேவி, தாழ்ப்பாள் விஷயம் பிரமாதம்.

செங்காங் செல்வா:

அங்கிள், தேவி, மணி, எல்லோருக்கும் நன்றி. இதை எல்லாம் மனைவியிடம் படித்துக் காட்டினேன். "கதை நல்லா இருக்கு, சிஓஇ உரிமைச் சான்றிதழுக்கு யார் கட்டுறது?" என்கிறார். சரி, வாங்குவதாகவே வைத்துக்கொள்வோம். எதைப் பார்க்க வேண்டும்?

பழைய ஸ்பேனர்:

காகிதத்தை முதலில் பார். எண் பலகை ‘ஜி’-யில் தொடங்கினால் அது சரக்கு வாகனமாகப் பதிவானது. 20 வருடத்துக்கு மேல் ஓட்ட விடமாட்டார்கள், அதனால் மிச்சம் எத்தனை வருடம் என்று எண்ணிப் பார். காராகப் பதிவானது என்றால், சிஓஇ-யை 5 வருடத்துக்குப் புதுப்பித்தாரா 10 வருடத்துக்கா என்று கேள். 5 என்றால் அது முடிந்ததும் மறுபடி புதுப்பிக்க முடியாது, பதிவை ரத்து செய்ய வேண்டியதுதான். 10 வருடம் தாண்டிய வண்டிக்குச் சாலை வரியும் ஏறிக்கொண்டே போய் 50% கூடுதலில் நிற்கும். டீசலுக்குத் தனி வரி வேறு. உன் மனைவி கேட்டது சரியான கேள்வி.

அப்புறம் வண்டி. அலுமினியம் துருப்பிடிக்காது என்று வியாபாரி சொல்வான். உடம்புதான் அலுமினியம், சேசிஸும், எஞ்சினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே நிற்கும் முன் பல்க்ஹெட் சுவரும் உருக்கு. நம் ஊர் ஈரக்காற்றில் இரண்டும் தொடும் இடத்தில் பெயிண்ட் கொப்பளித்து வெள்ளைப் பொடி தெரியும். அது உடனே உயிரை எடுக்காது. உயிரை எடுப்பது சேசிஸ். சின்னச் சுத்தியலால் பின் குறுக்குச் சட்டத்தையும், கால் வைக்கும் இடத்துக்கு அடியிலும் தட்டு. ‘டங்’ என்றால் நல்லது. ‘டொப்’ என்றால் உள்ளே அரித்துப்போய்விட்டது, புதிதாக அடித்த கறுப்புப் பெயிண்ட்தான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை நானே வருகிறேன், புளோக் எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்பு. உரிமையாளரிடம் ஒன்று மட்டும் சொல்லி வை: நாங்கள் வருவதற்கு முன் வண்டியை ஸ்டார்ட் செய்து சூடேற்றி வைக்கக் கூடாது. ஆறிப்போன எஞ்சின் முதல் தடவை எப்படிப் பிடிக்கிறது, என்ன நிறத்தில் புகை விடுகிறது என்று பார்க்காமல் நான் எதுவும் சொல்ல மாட்டேன்.