இதயப் பம்பின் பையை ராணிப்பேட்டையில் தைக்கலாமா?

பாலாற்றங்கரையான்:
வாலாஜா வணிகன் நேற்று முன்தினம் இங்கே எழுதியதை இருமுறை படித்தேன். இதயத் துணைச் சாதனங்களுக்கு வேண்டிய பேட்டரி, சார்ஜர், கேபிள் எல்லாம் ஐந்தாண்டுகளில் ராணிப்பேட்டை சிப்காட்டிலேயே தயாராகிவிடுமாம்; அவற்றைச் சுமக்கும் பையை இன்றே தொடங்கிவிடலாமாம், நம் ஊர்த் தோலுக்கு நிகர் ஏது என்கிறார். இருபத்திரண்டு ஆண்டுகளாக வேலூர் மருத்துவமனைகளுக்குக் கேபிளும் கதீட்டரும் (இரத்தக் குழாய்க்குள் செலுத்தும் மெல்லிய குழாய்) கொடுத்து வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: எல்.வி.ஏ.டி. எனப்படும், பலவீனமான இதயத்துக்கு உதவ உடலுக்குள் பொருத்தும் இதயப் பம்பின் துணைப் பொருள்கள், எந்தக் கம்பெனியுடையதை எடுத்தாலும் பொருந்திவிடும் செல்போன் சார்ஜர் அல்ல. அபாட் நிறுவனத்தின் ஹார்ட்மேட் 3 பம்பு 14 வோல்ட் லித்தியம் பேட்டரிகள் இரண்டில் ஓடுகிறது. புதிய ஜோடி அதிகபட்சம் 17 மணி நேரம் தாங்கும். 360 முறை சார்ஜ் ஏற்றியதும், அல்லது தயாரான நாளிலிருந்து 36 மாதம் கடந்ததும், எது முந்துகிறதோ அப்போது அதை ஒதுக்கிவிட வேண்டும். 2021 ஜூனில் மெட்ரானிக் நிறுவனம் தன் எச்.வி.ஏ.டி. பம்பின் விற்பனையை நிறுத்திய பிறகு, இந்தச் சந்தை பெரும்பாலும் அபாட் நிறுவனம் ஒன்றன் கையில் இருக்கிறது. ஒரே கடை இருக்கும் ஊரில் விலை பேச முடியுமா?

வாலாஜா வணிகன்:
ஐயா பேட்டரியைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், நன்றி. நான் கேட்டது பை. பைக்கு என்ன பதில்? பையில் மின்சாரம் ஓடுகிறதா? தையல், வார், பக்கிள், அவ்வளவுதான். ஆம்பூரிலிருந்து வெளிநாட்டுக்குக் காலணி போகிறது. ஒரு பையைத் தைக்க நமக்கு வக்கில்லையா?

பாலாற்றங்கரையான்:
பேட்டரி ஒவ்வொன்றும் ஏறக்குறைய அரைக் கிலோ. இரண்டையும் ஒரு மனிதன் விழித்திருக்கும் நேரமெல்லாம் உடம்பில் சுமக்கிறான். பம்பிலிருந்து வயிற்றுத் தோலைத் துளைத்து வெளியே வரும் கம்பி அந்தப் பக்கமே இருக்கிறது. அங்கே சீழ் வைத்தால் பம்பு வைத்த பயனே போய்விடும். வேலூர் வெயிலில் வியர்வையைக் குடித்து ஊறும் தோல் பையை, தினமும் துடைத்துச் சுத்தம் செய்ய முடியாத ஒரு பொருளை, அவன் இடுப்பில் கட்டச் சொல்கிறீர்கள். குரோமியத்தில் பதனிட்ட தோல் சிலருக்கு அரிப்பையும் தடிப்பையும் கொண்டுவரும் என்பது நம் மாவட்டத்துக்காரருக்குப் புதிய செய்தியா?

மேல்விஷாரத்துக்காரன்:
அண்ணன் பேட்டரியைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசட்டும், தோலைப் பற்றிப் பேச வேண்டாம். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலில் குரோமியம் எங்கிருந்து வந்தது? எங்கள் பாட்டனார் காலத்துத் தோல் பெட்டி இன்னும் பரண்மேல் இருக்கிறது, ஒரு வெடிப்பில்லை. மருத்துவமனைக்குக் கேபிள் விற்றவருக்கு இது தெரிய நியாயமில்லை.

வார்டு 3:
நான் இதயத் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் செவிலியர். நீங்கள் எதைத் துணைப் பொருள் என்று சொல்கிறீர்கள் என்பதை முதலில் தீர்த்துக்கொண்டால் நன்று. 2020 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள மத்திய அரசின் அறிவிக்கை, மனிதருக்கென்று தயாரிப்பாளர் கருதிச் செய்த துணைப் பொருளையும் மருத்துவச் சாதனம் என்றே கொள்கிறது. அப்படியானால் பைக்கும் உரிமம் தேவைப்படலாம். மேலும், எங்கள் பிரிவில் அன்றாடம் எல்.வி.ஏ.டி. வருவதில்லை, வருவது பலூன் பம்பு; கதீட்டர் வழியே பெருந்தமனிக்குள் வைத்த பலூனை ஹீலியத்தால் ஊதிச் சுருக்கி இதயத்துக்கு உதவும் கருவி அது. ஹீலியம் உருளையின் அழுத்தத்தை ஷிஃப்டுக்கு ஒருமுறை பார்க்கிறோம். பலூன் அளவு நோயாளியின் உயரத்தைப் பொறுத்தது. குட்டையான அம்மா ஒருவர் வந்த இரவு, சிறிய பலூன் கதீட்டர் ஸ்டாக்கில் இல்லாமல் டீலருக்குப் பத்து முறை போன் செய்தோம். வழங்கலைப் பற்றிப் பேசுவதானால் அங்கிருந்து தொடங்குங்கள்.

பாலாற்றங்கரையான்:
சகோதரி சொல்வது சரி. ஆனால் சிறிய அளவை மாதம் ஒன்று கேட்டால் எந்த டீலர் அடுக்கி வைப்பான்? காலாவதியானால் நஷ்டம் அவனுடையது. அதோடு, 2012இல் வெளியான ஐ.ஏ.பி.பி. ஷாக் 2 ஆய்வு, மாரடைப்பால் இதயம் போதிய இரத்தத்தைத் தள்ள முடியாமல் அதிர்ச்சி நிலைக்குப் போனவர்களில் பலூன் பம்பு 30 நாள் இறப்பைக் குறைக்கவில்லை என்றது. வெளிநாட்டில் கவனம், கதீட்டர் வழியே இதயத்துக்குள் செலுத்தும் இம்பெல்லா என்ற சிறு பம்பின் பக்கம் திரும்பிவிட்டது. அதைச் செய்யும் அபியோமெட் நிறுவனத்தை ஜான்சன் அண்ட் ஜான்சன் 2022 இறுதியில் வாங்கிக்கொண்டது. அதன் கதீட்டரின் விலையில் நம் ஊரில் ஒரு வீட்டு மனை வாங்கலாம். பலூன் கதீட்டர் இங்கே இன்னும் சில காலம் ஓடும் என்பது என் கணிப்பு, விலை ஒன்றுதான் அதற்குக் காரணம். இத்தனைக்கும் நடுவில் வணிகர் பை தைக்கிறார்.

வாலாஜா வணிகன்:
மறுபடியும் பைக்குப் பதில் இல்லை. சித்திரா இதய வால்வு திருவனந்தபுரத்தில் உருவாகி 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டதே, அப்போதும் உங்களைப் போல ஒருவர் "நம்மால் முடியாது" என்றிருப்பார். வால்வையே செய்த நாட்டில் பை முடியாதா? 2020 முதல் இறக்குமதிச் சாதனங்கள் பலவற்றுக்கு 5 விழுக்காடு சுகாதாரத் தீர்வை இருக்கிறது; உள்ளூர்ச் சரக்குக்கு அந்த அளவு விலைச் சாதகம் உண்டே.

பாலாற்றங்கரையான்:
வால்வைச் செய்தது ஆய்வு நிறுவனம், ஆண்டுக்கணக்கில் ஆடுகளிலும் ஆய்வகக் கருவிகளிலும் சோதித்துச் செய்தது. நீங்கள் 2016இல் ஒரு மருத்துவமனைக்குக் கொடுத்த ஈசிஜி கேபிள் நினைவிருக்கிறதா? கிளிப்புக்கு அருகில் உறை வெடித்து, உள்ளே செப்புக் கம்பி தெரிந்தது; நோயாளி திரும்பிப் படுத்தால் மானிட்டரில் கோடு குதித்தது. அந்த டெண்டரை என்னிடமிருந்து ஒன்பது ரூபாய் குறைத்துப் பிடித்தவர் நீங்கள்.

வாலாஜா வணிகன்:
ஒன்பது ரூபாய் இன்னும் எரிகிறது, அதுதான் விஷயம். அந்தக் கேபிளை மாற்றிக் கொடுத்தேன், ரசீது இருக்கிறது.

மேல்விஷாரத்துக்காரன்:
மருத்துவச் சாதனப் பூங்காவை ஒரகடத்தில் வைக்கிறார்கள், எல்லாம் சென்னைக்கு அருகிலேயே போகிறது. பழைய வட ஆற்காட்டுக்கு வந்தது என்ன? அதைக் கேட்காமல் கேபிளுக்குச் சண்டை போடுகிறீர்கள்.

வார்டு 3:
உரிமத்தைப் பற்றி நான் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

பாலாற்றங்கரையான்:
சொல்கிறேன் சகோதரி. உரிமம் வாங்கினாலும் பம்புக் கம்பெனி தன் பையைத் தவிர வேறெதையும் ஏற்காது. வேறு பையிலிருந்து பேட்டரி நழுவி, இணைப்பு கழன்றால் பொறுப்பு யாருடையது? நாடு முழுவதும் இந்தப் பம்பு பொருத்தியவர்களின் எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால், சிப்காட்டில் ஒரு தையல் மிஷினுக்குக்கூட வேலை இராது. ஈசிஜி லீட், ஆக்சிமீட்டர் சென்சார், பேஸ்மேக்கர் பரிசோதனைக் கேபிள், இவற்றில் நம் ஊரில் தொழில் உண்டு, நானே முதல் போடுவேன். பையில் இல்லை.

வாலாஜா வணிகன்:
எண்ணிக்கை குறைவு என்று இப்போது சொல்கிறீர்கள். முதலில் வியர்வை என்றீர்கள், பிறகு குரோமியம், பிறகு ஒன்பது ரூபாய். நாளை ஆட்டுத் தோலில் ஒரு மாதிரிப் பை தைத்துப் படம் போடுகிறேன்.

மேல்விஷாரத்துக்காரன்:
ஒரு கிலோ பேட்டரிக்கு ஆட்டுத் தோலா? வார் ஒரு மாதத்தில் நீண்டுவிடும். எருமைத் தோல் வையுங்கள்.

பாலாற்றங்கரையான்:
எருமைத் தோல் பையின் எடையையும் சேர்த்துப் போடுங்கள் பாய், நோயாளி எதைச் சுமக்கிறான் என்று பார்ப்போம்.