எட்டுப் பேர் வீட்டுத் துணி: கூடையின் அடி தெரிந்ததே இல்லை

பதிவு 1

சோப்பே போடாம ஓடவிட்ட மெஷின்ல நுரை வந்துச்சு. இன்னைக்கு வரைக்கும் மனசுல உறுத்துற விஷயம் அதுதான். உள்ள போட்டது எட்டுத் துண்டு, எல்லாமே அலமாரியில மடிச்சு வெச்சிருந்த துவைச்ச துண்டு. 60 டிகிரி, சோப்புத் தட்டு சுத்தமா காலி. பத்து நிமிஷம் கழிச்சுப் பார்த்தா கண்ணாடிக் கதவுல பாதி உயரத்துக்கு வெள்ளையா நுரை ஒட்டிக்கிட்டு நிக்குது. அத்தனையும் பழைய சோப்பு. சரியா அலசாம, வாரக்கணக்குல துண்டோட இழைக்குள்ளயே தங்கினது.

பெரிய குடும்பத்துல ஆள் அதிகம், அழுக்கு அதிகம்னு கை தானா இன்னொரு கரண்டி சேர்த்துப் போட்டுடும். நுரை கூடினா துணி ஒண்ணோட ஒண்ணு உரசாது, நுரை மேல மிதந்து வழுக்கிடும். அழுக்கு போகாது, அலசுற தண்ணியும் சோப்பை முழுசா எடுக்காது. துண்டு அட்டை மாதிரி விறைச்சுக்கும். விறைக்குதேன்னு சாஃப்ட்னர் ஊத்துவோம். அது நூல் மேல வழவழன்னு ஒரு படலமா உக்காந்துக்கும், அப்புறம் துண்டு தண்ணிய உறிஞ்சவே உறிஞ்சாது. ஒரு தப்பை மூட இன்னொரு தப்பு.

சரிபண்ண வழி ஒண்ணுதான். சோப்பும் வேணாம், சாஃப்ட்னரும் வேணாம். வெந்நீர்ச் சுத்து மட்டும், நுரை வராம நிக்கிற வரைக்கும். ரெண்டோ மூணோ தடவை ஆகும். அதுக்கப்புறம் பாக்கெட்டோட வர்ற பெரிய கப்பைத் தூக்கிப் போட்டுட்டு அளவுக் கரண்டிக்கு மாறுங்க. பாக்கெட்ல மென்னீருக்கு ஒரு வரி, கடினநீருக்கு ஒரு வரி போட்டிருந்தா உங்க தண்ணிக்கு எந்த வரியோ அதை மட்டும் பாருங்க. டாப் லோடு தூளை ஃப்ரன்ட் லோடுல போடவே போடாதீங்க, அது நுரைக்கிற அளவே வேற.

பதிவு 2

மேலே எழுதியவர் சொன்னது சரிதான், ஆனால் பாதிதான் சரி. சோப்பை விடப் பெரிய குற்றவாளி திணிப்பு. முழங்காலால் கதவைத் தள்ளி மூடிய டிரம் ஒன்று. சுற்று முடிந்து பிரித்தால், நடுவில் சுருண்டு கிடந்த சட்டையின் முதுகில் சோப்புத்தூள் கரையாமல் வெள்ளைக் கோடாக இருந்தது. காலர் அழுக்கு போட்டபடியே இருந்தது. ஒன்றே முக்கால் மணி நேரம் ஓடிய பிறகு!

ஃப்ரன்ட் லோடு துவைப்பதே துணியை மேலே தூக்கிக் கீழே விழவிட்டுத்தான். விழ இடமில்லாவிட்டால் துணி ஒரே உருண்டையாகச் சேர்ந்து சுற்றும், அவ்வளவுதான். துணிக்கு மேலே உள்ளங்கையைச் செங்குத்தாக வைத்தால் அது தாராளமாக நுழைய வேண்டும். மெஷின் மேல் போட்டிருக்கும் 7 கிலோ என்பது காய்ந்த பருத்தித் துணிக்கு, அதுவும் முழுநேரச் சுற்றில். சிந்தெடிக் சுற்றுக்கு ஏறக்குறைய அதில் பாதி. அரைமணி நேர விரைவுச் சுற்றுக்குப் பெரும்பாலும் 2 அல்லது 3 கிலோதான், கையேட்டில் பாருங்கள்.

ஒருமுறை எடை போட்டுப் பார்த்துவிட்டால் சந்தேகமே வராது. பெரியவர் சட்டை 200 முதல் 250 கிராம். ஜீன்ஸ் 600 முதல் 700. குளியல் துண்டு 500. இரட்டைக் கட்டில் விரிப்பு 750. பெரியவர் நால்வர், பிள்ளைகள் நால்வர் என்றால் உடுத்திய துணி மட்டுமே ஒரு நாளைக்கு 6 கிலோவைத் தாண்டும். துண்டுகளை வாரம் இரண்டு முறை துவைத்தால் அது ஒரு 8 கிலோ. விரிப்பும் தலையணை உறையும் ஒரு 4 கிலோ. மொத்தம் வாரத்துக்கு 55 கிலோவுக்கு மேல். ஒரு சுற்றுக்கு ஐந்தரைக் கிலோ என்று ஒழுங்காகப் போட்டாலும் பத்து, பதினோரு சுற்று வரும். ஒரு நாள் விட்டுவிட்டால் மறுநாள் 13 கிலோ நிற்கிறது. அந்தப் பயத்தில்தான் எல்லோரும் திணிக்கிறோம். திணித்ததில் பாதி மறுபடி கூடைக்கே வருகிறது.

பதிவு 3

சின்னப் பிள்ளைங்க கட்டில்ல போடுற நீர்புகா விரிப்பைப் பத்தி யாரும் சொல்லலியே. அதை மத்த துணியோட போட்டு 1000 ஸ்பின்ல, அதாவது நிமிஷத்துக்கு 1000 சுத்து வேகத்துல, விட்டா என்ன ஆகும்னு பார்த்தவங்களுக்குத் தெரியும். மெஷின் ஒரு முழம் நகர்ந்து சுவத்துல போய் இடிச்சுது. பின்னாடி தண்ணிக் குழாய் கழண்டு தொங்குது. காரணம் ரொம்ப எளிது. ரப்பர் பூச்சு தண்ணிய வடியவிடாது, விரிப்பு ஒரு பை மாதிரி தண்ணியப் பிடிச்சு வெச்சுக்கும். வேகம் ஏறும்போது அந்தப் பை திடீர்னு உடைஞ்சு எடை ஒரு பக்கம் சாய்ஞ்சிடும்.

அதைத் தொட்டியில கையால அலசி, கம்பியில தொங்கவிட்டு வடியவிடுங்க. நனைஞ்ச பருத்தி விரிப்பை முதல்ல பச்சைத் தண்ணியில அலசிட்டு அப்புறம் மெஷின்ல போடுங்க. ரத்தக் கறைக்கும் பச்சைத் தண்ணிதான். வெந்நீர் பட்டா ரத்தத்துல இருக்கிற புரதம் வெந்து நூலோட ஒட்டிக்கும், அப்புறம் எதுக்கும் அசையாது.

பதிவு 4

ஏழு வெள்ளைப் பள்ளிச் சட்டைகள், ஒரே ஒரு புதுச் சிவப்புக் காலுறை. கதவைத் திறந்ததும் கண்ணில் பட்டது அந்த இளஞ்சிவப்புதான். சீராகவாவது பரவியிருந்ததா என்றால் அதுவும் இல்லை, கைமடிப்புகளில் மட்டும் திட்டுத் திட்டாக. காலுறை ஒரு சட்டையின் கைக்குள்ளேயே ஒளிந்திருந்தது. மறுநாள் காலை பள்ளிக்கு அந்த ஏழும் வேண்டும்.

புதுத் துணியை முதலில் உப்புத் தண்ணீரில் ஊறவைத்துவிட்டால் இந்தத் தொல்லையே இராது. கைப்பிடி உப்பு போதும்.

பதிவு 5

உப்பை நம்பாதீங்க. தயவுசெஞ்சு நம்பாதீங்க. சாயப்பட்டறையில உப்பு சேர்க்கிறது தொட்டித் தண்ணியில இருக்கிற சாயத்தை நூல் பக்கம் தள்ளுறதுக்கு. ஏற்கெனவே நூல்ல பிடிக்காம நிக்கிற உபரிச் சாயத்தை வீட்டு உப்பு பூட்டிடாது. வினிகரும் அப்படித்தான். உப்புல ஊறவெச்சாச்சுங்கிற தைரியத்துலதான் அடுத்த சட்டையும் கெடுது. புதுச் சிவப்பு, கருநீலம், கருப்பு மூணையும் முதல் மூணு நாலு தடவை தனியா துவைங்க, அவ்வளவுதான். சந்தேகம்னா ஈரமான வெள்ளைத் துணியால உள் தையல்ல அழுத்தித் தேய்ச்சுப் பாருங்க. துணியில நிறம் ஏறினா அது இன்னும் சாயம் விடுதுன்னு அர்த்தம்.

ஏறிப்போச்சுன்னா காயவிடாதீங்க. முக்கியமா இஸ்திரி போடாதீங்க, சூடு பட்டா சாயம் இன்னும் இறுகிடும். ஈரத்தோடயே சோடியம் பெர்கார்பனேட் கரைசல்ல போடுங்க, ஆக்சிஜன் பிளீச்னு விக்கிறது அதுதான். 5 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணிக்கு, 40 டிகிரிக்குக் கொஞ்சம் மேல, ரெண்டு மேசைக்கரண்டி. பச்சைத் தண்ணியில அது மெதுவாத்தான் வேலை செய்யும். நாலுலருந்து எட்டு மணி நேரம் ஊறட்டும், அப்புறம் வழக்கமான சுத்து. கம்பளி, பட்டுக்கு இது ஆகாது. கரைச்ச தண்ணிய மூடின பாட்டில்ல எடுத்து வைக்காதீங்க, உள்ள ஆக்சிஜன் சேர்ந்து பாட்டில் வெடிக்கும்.

குளோரின் பிளீச்சைக் கையில எடுத்தா கூட வினிகரோ எலுமிச்சையோ சேரவே கூடாது, நச்சு வாயு வரும். அம்மோனியா கலந்த கிளீனரும் அப்படித்தான். வேர்வைக் கறைக்கும் குளோரின் வேணாம், மஞ்சளை இன்னும் ஏத்திவிடும். எலாஸ்டிக்ல பட்டா அது பழுத்துப்போய் இழுவையே இல்லாம ஆயிடும்.

பதிவு 6

எல்லாரும் துவைப்பதைப் பற்றியே எழுதுகிறீர்கள். மெஷின் ஓடும் நேரம் யாருடைய நேரமும் இல்லை. ஒரு சட்டை கூடையிலிருந்து அலமாரிக்குப் போவதற்குள் எத்தனை தடவை கைபடுகிறது? எடுக்க, பை தடவ, உள்ளே போட, வெளியே எடுக்க, உதறிக் காயப்போட, எடுக்க, யாருடையது என்று பிரிக்க, மடிக்க, அடுக்க. ஒன்பது தடவை. எட்டுப் பேருக்கு ஆளுக்கு ஐந்து துணி என்றால் 40 துணி, 360 கைபடல், தினமும். அதில் முழுக்க வீணாகப் போவது ஒன்றே ஒன்றுதான்: யாருடையது என்று பிரிப்பது. காய்ந்த மலைக்கு முன்னால் உட்கார்ந்து ஒரே அளவு சாம்பல் நிறக் காலுறைகள் 14-ஐ ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்க்கும் அந்த நேரம் இருக்கிறதே, அதுதான் ஆளைத் தின்கிறது.

அதனால் அழுக்குக் கூடையை நிறவாரியாக வைக்காமல் ஆள்வாரியாக வையுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு பேர் துணி, நான்கு நாள் சேர்ந்தது, ஒரே சுற்று. காய்ந்ததும் அப்படியே அந்தக் கூடையில் போட்டு அந்த அறைக்கு அனுப்பிவிடலாம். பிரிக்கும் வேலையே கிடையாது. வெள்ளைப் பள்ளிச் சட்டைகளையும், சாயம் விடும் புதுசையும், துண்டு விரிப்புகளையும் மட்டும் இந்தக் கணக்கிலிருந்து தனியே எடுத்துவிடுங்கள். பழகிய நிறத்துணிகள் 30 டிகிரியில் ஒன்றுக்கொன்று கெடுத்துக்கொள்வது அபூர்வம்.

காலுறைக்கும் உள்ளாடைக்கும் ஆளுக்கு ஒரு ஜிப் வைத்த வலைப்பை. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பினால் உள்ளே சோப்பு ஏறாது. ஜிப்பின் முனையை அதன் மேலுள்ள சின்ன எலாஸ்டிக் உறைக்குள் செருகுங்கள், இல்லாவிட்டால் நடுவழியில் திறந்துகொள்ளும். பிள்ளைகள் துணிக்கு அடையாளம் வைக்க நல்ல வழி, காலர் உள்பக்கம் நூல் தையல். மூத்ததற்கு ஒரு தையல், அடுத்ததற்கு இரண்டு, மூன்றாவதற்கு மூன்று. சட்டை சிறுத்து அடுத்த பிள்ளைக்குப் போகும்போது ஒரு தையல் கூட்டினால் போதும், பழையதைப் பிரிக்கவே வேண்டாம். பேனாவால் பெயர் எழுதினால் அது நாலைந்து மாதத்தில் மங்கிவிடும்.

கூடையிலேயே இன்னும் மூன்று பழக்கம் வந்துவிட வேண்டும், துணி கழற்றுபவரே செய்ய வேண்டியவை. பையைக் காலிசெய்வது, சுருட்டிய கையையும் காலுறையையும் நேராக்குவது, ஜிப்பைப் பூட்டிச் சட்டைப் பொத்தானை அவிழ்ப்பது. பூட்டிய பொத்தானோடு சுற்றினால் பொத்தான் துளையின் தையல் இழுபட்டுத் தளர்ந்துவிடும். திறந்த ஜிப்பின் பற்களோ பக்கத்துப் பின்னல் துணியைக் கிழிக்கும். ஆறு வயதுப் பிள்ளையால் இதெல்லாம் முடியும். நாற்பது துணிக்கும் ஒரே ஆள் செய்தால் அதற்கே கால்மணி நேரம்.

மடிப்பதிலும் எல்லாவற்றையும் மடிக்க வேண்டியதில்லை. உள்ளாடை, வீட்டில் உடுத்துவது, இரவு உடை இவற்றை இழுப்பறைக்குள் அப்படியே போட்டால் யாருக்கும் நட்டமில்லை.

பதிவு 2-ஐ எழுதியவரே மறுபடி

ஆள்வாரி முறை கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் எடையை மறந்துவிட்டீர்கள். கட்டுமான வேலைக்குப் போய்வருபவரின் மண் படிந்த ஜீன்ஸும் அவருடைய மெல்லிய பனியனும் ஒரே சுற்றில் என்றால், ஜீன்ஸுக்குத் துவைப்பு போதாது, பனியனுக்கு உரசல் அதிகம். மண்ணைக் காயவைத்து உதறிவிட்டு, கடினத் துணியைக் கடினத் துணியோடு போடுவதே சரி. அலுவலகத் துணி மட்டும் உள்ள வீட்டுக்கு உங்கள் முறை பொருந்தும்.

பதிவு 7

துவைச்சு முடிச்ச துணியில அந்த முடை நாத்தம். காயும்போது தெரியாது. போட்டுக்கிட்டு கொஞ்சம் வேர்த்ததும் சட்டையிலருந்து எழும்பும் பாருங்க, அந்த நேரத்தை மறக்க முடியாது. அது அழுக்கு நாத்தம் இல்ல. மொராக்செல்லா ஓஸ்லோயென்சிஸ்னு ஒரு பாக்டீரியாதான் அதுக்குக் காரணம்னு ஜப்பான் ஆய்வாளர்கள் 2012-ல வெளியிட்டாங்க. காய்ஞ்ச நூல்லயும் அது தாக்குப்பிடிச்சுக் கிடக்கும், ஈரம் கிடைச்சதும் பெருகும். வாசனை லிக்விட் அதை ஒண்ணும் பண்ணாது. 60 டிகிரி தாங்குற பருத்தின்னா ஒரு வெந்நீர்ச் சுத்து, இல்லேன்னா பதிவு 5-ல சொன்ன பெர்கார்பனேட் ஊறல்.

வராம இருக்கணும்னா எல்லாம் வேகத்துலதான் இருக்கு. சுத்து முடிஞ்ச துணி டிரம்முக்குள்ள கிடக்கக் கூடாது. ராத்திரி போட்டு காலையில எடுக்கிற வீட்ல இந்த நாத்தம் வந்தே தீரும். பருத்தியை 1200 ஸ்பின்ல பிழிஞ்சாலும் அதோட எடையில பாதிக்குப் பக்கமா தண்ணி அதுக்குள்ளயே நிக்கும். 5 கிலோ துணின்னா ரெண்டரை லிட்டர் தண்ணி உங்க அறைக் காத்துல கரையணும். ஜன்னல் மூடின அறையில அது எங்க போகும்?

இடம் பத்தலேன்னு கொடியில ஒண்ணு மேல ஒண்ணு போட்டா ரெண்டுமே காயாது. துணிக்குத் துணி ஒரு கை அகலம் விடுங்க. கொடியோட ரெண்டு ஓரத்துல நீளமான துணி, நடுவுல குட்டைத் துணி போட்டா அடியில ஒரு வளைவு கிடைக்கும், காத்து அந்த வழியா ஏறும். விசிறிய மேலருந்து வீசவிடாம கீழ பக்கவாட்டுல வைங்க. ஜீன்ஸைத் திருப்பிப் போட்டு பை ரெண்டையும் வெளிய இழுத்துவிடுங்க, கடைசி வரைக்கும் ஈரமா நிக்கிறது அந்தப் பையும் இடுப்புப் பட்டையும்தான். காய்ஞ்சுடுச்சான்னு சட்டையோட முதுகைத் தொட்டுப் பார்த்துட்டு மடிக்காதீங்க. அக்குள் தையலைப் பாருங்க. அது ஜில்லுன்னு இருந்தா இன்னும் காயல.

பதிவு 8

சின்ன விஷயம். தண்ணீர் வடியாமல் மெஷின் பாதியில் நின்று, கதவும் திறக்காமல், உள்ளே ஆறு கிலோ துணி சோப்புத் தண்ணீரில் மிதக்கும். அந்தக் காட்சியைப் பார்த்ததும் மெக்கானிக்கைக் கூப்பிடாதீர்கள். முதலில் ஃப்ரன்ட் லோடின் கீழ் மூலையில் இருக்கும் சின்ன மூடியைத் திறங்கள். அது பம்ப் வடிகட்டி.

பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். வெந்நீர்ச் சுற்று என்றால் தண்ணீர் ஆறும்வரை பொறுங்கள். தட்டையான தட்டு ஒன்று, பழைய துண்டு இரண்டு. பக்கத்தில் மெல்லிய குழாய் இருந்தால் அதன் அடைப்பானைக் கழற்றி, தட்டுத் தட்டாக வடித்துவிடுங்கள். பிறகு வடிகட்டியை இடப்பக்கமாகக் கால் சுற்று மட்டும் திருகி நிறுத்துங்கள். ஒரேயடியாகக் கழற்றினால் மிச்சத் தண்ணீர் முழுவதும் தரையில்தான். கடைசியாகத் திறந்ததில் இருந்தவை இரண்டு நாணயம், ஒரு ஹேர்பின், ஒரு சட்டைப் பொத்தான், முடியும் பஞ்சும் சேர்ந்து கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு கயிறு. அடைத்தது அந்தக் கயிறுதான், ஹேர்பின் அதைப் பிடித்து வைத்திருந்தது.

கழற்றிய பிறகு துளைக்குள் டார்ச் அடித்துப் பம்பின் இறக்கையை விரலால் சுற்றிப் பாருங்கள். கொஞ்சம் விட்டு விட்டுச் சுற்றினால் பழுதில்லை, காந்தம் இருப்பதால் அப்படித்தான் இருக்கும். அசையவே இல்லை என்றால் உள்ளே இன்னும் ஏதோ சிக்கியிருக்கிறது. மூடும்போது ரப்பர் வளையத்தில் ஒரு முடிகூட ஒட்டியிருக்கக் கூடாது, அந்த ஒற்றை முடி வழியாகச் சொட்டும். எட்டுப் பேர் வீட்டில் இதை மாதம் ஒருமுறை திறங்கள்.