ஊரில் எதை முதலில் சரிசெய்வது என்பதை இளைஞர்களே பேசி முடிவெடுக்க எப்படி உதவுவது?

ஊர்ப்புற நூலகர்
வணக்கம். திருவண்ணாமலை மாவட்டத்தில் எங்கள் சிற்றூரின் நூலகத்தில் பதினான்கு முதல் இருபது வயது வரையிலான பிள்ளைகள் வார இறுதியில் கூடுகிறார்கள். ஊரின் குறைகளில் முதன்மையானவற்றை அவர்களே தேர்ந்தெடுத்து, அக்டோபர் 2 கிராம சபையில் முன்வைக்க வேண்டும் என்பது என் விருப்பம். ஆனால் பேச்சைத் தொடங்கினால் கல்லூரி மாணவர்கள் இரண்டு மூன்று பேர் மட்டுமே பேசுகிறார்கள்; விளையாட்டுத் திடல் வேண்டும் என்பதோடு கூட்டம் முடிந்துவிடுகிறது. பெண் பிள்ளைகளைத் தனியே கேட்டால்தான், இருட்டிய பிறகு வந்து இறங்கும் பேருந்து நிறுத்தத்தில் விளக்கில்லை என்பதையும், மதுக்கடையைக் கடந்தே வீடு திரும்ப வேண்டியிருப்பதையும் சொல்கிறார்கள். கையுயர்த்தச் சொல்லி வாக்கெடுக்கலாமா?

களப்பணியாளர்
கையுயர்த்தும் முறை வேண்டாம், ஐயா. அண்ணன் கை எங்கே போகிறது என்று பார்த்துத்தான் தங்கையின் கை எழும்.

முதல் சுற்றில் பெண்களும் ஆண்களும் தனித்தனிக் குழுவாக அமரட்டும். தரையில் கோலமாவால் ஊரின் வரைபடத்தை அவர்களே வரைந்து, போக அஞ்சும் இடம், தண்ணீர் வராத தெரு, சாக்கடை தேங்கும் மூலை ஆகியவற்றைக் குறிக்கட்டும். படம் இருந்தால் பேசத் தயங்குபவர்களும் விரலால் சுட்டிக்காட்டிவிடுவார்கள். பிறகு ஒவ்வொரு குறையையும் ஓர் அட்டையில் எழுதி, அட்டைக்கொரு மூடிய டப்பா வைத்து, ஆளுக்குப் பத்துப் புளியங்கொட்டை கொடுங்கள். ஒருவர் பின் ஒருவராகத் தனியே சென்று, எது எவ்வளவு முக்கியமோ அவ்வளவு போடட்டும்.

கொட்டைகளை எண்ணியதும் நிறுத்திவிடாதீர்கள். முன்னணியில் வந்த ஆறு குறைகளை இரண்டிரண்டாக எதிரெதிரே வைத்தால் பதினைந்து இணைகள் கிடைக்கும். ஒவ்வோர் இணையிலும், "இவற்றில் ஒன்றுதான் இந்த ஆண்டு நடக்கும் என்றால் எதை விடுவீர்கள், ஏன்?" என்று கேளுங்கள். அந்த 'ஏன்' என்பதற்கு வரும் விடைகளை ஒரு பிள்ளை எழுதி வைக்க வேண்டும், ஏனெனில் சபையில் பேசும்போது கொட்டைகளின் எண்ணிக்கையைவிட அந்தக் காரணங்களே எடுபடும்.

ஆசிரியை, விழுப்புரம்
மேலே சொன்ன முறை நல்லது. ஆனால் எண்ணிக்கையை மட்டும் நம்பினால் சிறுபான்மையின் துயரம் எப்போதும் கடைசிக்குப் போய்விடும் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஊரின் கடைக்கோடியில் பட்டியல் சாதிக் குடும்பங்கள் வாழும் ஒரே தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் எட்டவில்லை என்றால், அந்தத் தெருப் பிள்ளைகள் நாலைந்து பேர் தம் கொட்டைகள் அனைத்தையும் போட்டாலும் விளையாட்டுத் திடல்தான் வெல்லும். ஆகவே வாக்குக்கு முன்பே இரண்டு கேள்விகளைப் பொதுவில் வையுங்கள்: இந்தக் குறையால் உடல்நலமோ படிப்போ பாதுகாப்போ கெடுகிறதா? பாதிக்கப்படுபவர்கள் தாமாகச் சமாளிக்க வேறு வழி உண்டா? கூடும் இடத்தையும் கவனியுங்கள். எல்லாத் தெருப் பிள்ளைகளும் தயங்காமல் வந்து அமரக்கூடிய இடமாக அது இருக்க வேண்டும்.

இன்னொன்று. தனக்கு வீட்டில் திருமணம் பேசுகிறார்கள் என்றோ, ஒருவர் தொல்லை கொடுக்கிறார் என்றோ ஒரு பிள்ளை சொன்னால், அதை அட்டையில் எழுதவே கூடாது. அது விவாதத்துக்கு உரியதன்று; அப்போதே 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

ஊராட்சி முன்னாள் உறுப்பினர்
பட்டியல் தயாரானதும், எது யாருடைய பொறுப்பு என்று பிரித்துக்கொள்ளுங்கள். தெருவிளக்கு, குடிநீர், சாக்கடை ஆகியவை ஊராட்சியின் வேலை. மதுக்கடையை இடம் மாற்றுவது மாநில அரசின் கையில் இருக்கிறது. கிராம சபை தீர்மானம் இயற்றிக் கோரலாமே தவிர, தானே மூடிவிட முடியாது. இந்த வேறுபாட்டை முன்கூட்டியே விளக்காவிட்டால், முதல் ஏமாற்றத்திலேயே பிள்ளைகள் விலகிவிடுவார்கள்.

வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்களே கிராம சபை உறுப்பினர்கள். எனவே பதினெட்டு வயது நிரம்பியவர்கள் கோரிக்கையை முன்வைக்க, இளையவர்கள் வரைபடத்துடன் உடன் வரட்டும். பேசிவிட்டு அமர்ந்துவிடாமல், கோரிக்கை தீர்மானப் பதிவேட்டில் எழுதப்பட்டதா என்று அங்கேயே பார்த்து, தீர்மான எண்ணைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். நவம்பர் 1 அன்று அடுத்த சபை கூடும்போது அந்த எண்ணைச் சொல்லித்தான் கேட்க முடியும்.

ஊர்ப்புற நூலகர்
மூவருக்கும் நன்றி. பெண் பிள்ளைகளின் குழுவை நான் நடத்துவதைவிட, கல்லூரியில் படிக்கும் பெண் ஒருவர் நடத்துவது பொருத்தமா?

ஆசிரியை, விழுப்புரம்
ஆம், நிச்சயமாக. நீங்கள் அந்த நேரத்தில் அறைக்குள் இல்லாமலிருப்பதும் நல்லது.