உளவளத்துணைக்கு (கவுன்சலிங்) ஆள் கூட்டிக்கிட்டுப் போகுமுன்ன: இலங்கை மலையகத்துல பார்த்தவங்க சொல்றது

ஹட்டன் பக்கமிருந்து:
"இங்க பேசுறது வெளிய போகாது"ன்னு எல்லாரும்தான் சொல்றாங்க. லயத்துல, தோட்டத் தொழிலாளருக்கான வரிசை வீட்ல, அது நடக்குமா? 10க்கு 12 அடி காம்பரா (அறை). நடுச்சுவர் பல இடத்துல கூரை வரைக்கும் எட்டாது, அடுத்த வீட்டு இருமலே கேக்கும். அதனால வீடு தேடி வர்றவரைவிட, டவுன்ல தனி அறை வச்சிருக்கிறவர் மேல். தோட்டத்துலதான்னா, பின்னேரம் பிள்ளைக்காம்பரா (வேலைக்குப் போறவங்க பிள்ளைகளைப் பார்த்துக்கிற இடம்) காலியான பிறகு உட்காரலாம். கதவுக்கு வெளிய ஒரு ரேடியோ பாடட்டும்.

விஷயம் தெரிஞ்ச உளவளத்துணையாளர் முதல் அஞ்சு நிமிஷத்துலயே விதிவிலக்கைச் சொல்லிருவார்: உயிருக்கு ஆபத்துன்னாலும், சின்னப் பிள்ளைக்குக் கொடுமைன்னாலும் மத்தவங்ககிட்ட சொல்லியே ஆகணும். "எதையுமே சொல்ல மாட்டேன்"னு சத்தியம் பண்றவர்கிட்ட கவனம். யார்கிட்ட பயிற்சி, இப்ப மேற்பார்வை யாருன்னு கேக்கலாம். நல்லவங்க கோவிக்க மாட்டாங்க.

ஒரு தடவைக்கு 50 நிமிஷம், பெரும்பாலும் வாரத்துக்கு ஒண்ணு. கொழுந்து எடுக்கிறவங்களுக்கு வேலை நாள்ல வந்தா அன்னைக்குப் பேர் போச்சு, அதாவது அந்த நாள் சம்பளம் போச்சு. மூணாவது வாரம் வராம விடுறதுக்கு முக்காவாசி காரணம் இதுதான், மனசு இல்லாம இல்ல. ஞாயிற்றுக்கிழமையும், கடைசி பஸ் நேரமும் பார்த்து நேரம் குடுக்கிறவரைப் பிடிங்க.

நுவரெலியாவிலிருந்து:
அக்கா, மொழியை விட்டுட்டீங்களே. டாக்டருக்கு சிங்களம், அம்மாவுக்குத் தமிழ், நடுவுல ஸ்கூல் போற மகன். "நெஞ்சு அடைக்குது"ன்னு அம்மா சொன்னா அவன் "நெஞ்சு வலி"ங்கிறான், உடனே இ.சி.ஜி. எடுக்கிறாங்க. புருஷன் அடிச்சதை மகன் வாயால எந்தத் தாய் சொல்லுவா? சொந்தக்காரரும் வேணாம், அதே லயத்து ஆளும் வேணாம். மொழிபெயர்க்கிறவர் கொஞ்சம் பின்னால தள்ளி உட்காரணும். "அவங்க சொல்றாங்க" இல்ல, "எனக்குத் தூக்கமே இல்ல"ன்னு அவங்க பேச்சாவே சொல்லணும். நேரம் ரெண்டு மடங்கு போகும், அதை முன்னமே ஒதுக்கணும்.

பண்டாரவளையிலிருந்து:
தம்பி சொன்னது நூத்துக்கு நூறு. இன்னொரு குழப்பம்: உளவளத்துணையாளர் மருந்து எழுத மாட்டார், மனநல வைத்தியர்தான் எழுதுவார். மனச்சோர்வு மருந்து வேலை செய்ய 2 முதல் 4 வாரம் ஆகும். வயித்துப் பிரட்டல் முதல் வாரமே வந்துரும். அதனாலதான் பத்தே நாள்ல "ஒண்ணும் சரிவரல"ன்னு நிறுத்திர்றாங்க. இதை முன்கூட்டி யாரும் சொல்றதில்ல.

"சாகணும்னு தோணுதா"ன்னு நேராக் கேக்கிறவரை நம்பலாம். கேக்கிறதால அந்த எண்ணம் புதுசா முளைக்காது. கேட்டுட்டு நிறுத்தாம, மரக்கறித் தோட்டத்துக்கு அடிக்கிற மருந்துப் போத்தல் வீட்ல எங்க இருக்குன்னும் விசாரிப்பார், அன்னைக்கே வேற வீட்ல பூட்டி வைக்கச் சொல்லுவார். தற்கொலை முயற்சி 1998லிருந்து குற்றமில்ல. ஆனாலும் பொலிசுக்குப் பயந்து ஆஸ்பத்திரியில "தெரியாமக் குடிச்சிட்டா"ன்னு சொல்றது இன்னும் நிக்கல. ராத்திரியில அவசரம்னா 1926, தேசிய மனநல நிறுவனத்தோட நம்பர். "அங்கொடைக்கு (மனநல ஆஸ்பத்திரிக்கு) அனுப்பிருவாங்க"ன்னு பயப்பட வேணாம், அது பேசுறதுக்கான லைன்.

ஹட்டன் பக்கமிருந்து, மறுபடியும்:
உளவளத்துணையாளர் சந்தையில எதிர்ல வந்தா அவரா முதல்ல சிரிக்க மாட்டார். கர்வம்னு நினைக்காதீங்க, கூட வர்ற நாத்தனார் "யாரு இவரு"ன்னு கேட்டுருவாங்களே, அதுக்காகத்தான். நீங்க சிரிச்சா அவரும் சிரிப்பார். லீக்ஸ் கட்டு கொண்டு போனாலும் பணிவாத் திருப்பிருவார். தேயிலைத் தூள்னா சிலர் வாங்கி, வர்ற எல்லாருக்கும் அதுலயே டீ ஊத்துறாங்க.